குன்சும் கணவாயில் ஒரு சிறிய கார்: பனியிலும் மண்சாலையிலும் அது எப்படி நடந்துகொள்ளும்?

ஒரு லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் முன்சக்கர இயக்கமும் கொண்ட ஆல்டோ கே10 காரில், நான்கு பேராக, அக்டோபர் கடைசி வாரத்தில் சண்டிகரிலிருந்து சிம்லா, கின்னோர் வழியாக இமாச்சலத்தின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்குக்குச் சென்று, அங்கிருந்து குன்சும் கணவாயைக் கடந்து மணாலியில் இறங்க முடியுமா என்றும், அந்த வண்டி பனியிலும் ஜல்லிச் சாலையிலும் எப்படி நடந்துகொள்ளும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கின்னோர் வழியாக ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காசா வரை போய்வர உங்கள் கார் போதும். குன்சுமைக் கடப்பது சாலை உலர்ந்திருக்கும் நாளில் உங்களால் முடியும்; பனி விழுந்து சக்கரங்கள் அதை அழுத்தி இறுக்கிவிட்ட பிறகு, சாதாரண டயரோடு மணாலித் திசையில் உள்ள பாத்தல் பக்கம் இறங்குவதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன். சிறிய கார் ஏறுமா, ஏறாதா என்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். உண்மையில் கவலைப்பட வேண்டியது அது எங்கே நிற்கும் என்பதைப் பற்றித்தான்.

எதையும் பேசுவதற்கு முன் பிடிமானத்தைப் பற்றிய கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் மற்ற எல்லாமே அதிலிருந்துதான் வருகின்றன. உலர்ந்த தார்ச்சாலையில் டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.8 இருக்கும். வண்டிகள் ஓடி இறுகிப்போன பனியில் அது 0.2 அளவுக்குக் குறைகிறது. உருகி மறுபடியும் உறைந்த கண்ணாடி போன்ற பனிக்கட்டியில் 0.1, சில வேளைகளில் அதற்கும் கீழே போய்விடும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் கார் சமதளமான உலர்ந்த தாரில் பிரேக் பிடித்தால் சுமார் 8 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் அதற்கு 31 மீட்டர் வேண்டும். பனிக்கட்டியில் 63 மீட்டர் வேண்டும். ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில் வண்டி கடக்கும் தூரம் இதில் சேரவில்லை. வேகத்தைப் பாதியாக்கினால் நிற்கும் தூரம் கால் பங்காகும் என்பதால், பனியில் ஓட்டுநர் கையில் இருக்கும் ஆற்றல்மிக்க கருவி வேகத்தைக் குறைப்பது ஒன்றுதான். நாற்சக்கர இயக்கமோ, விலையுயர்ந்த எஸ்.யூ.வி.யோ இந்தக் கணக்கை மாற்றுவதில்லை. எந்தக் காராக இருந்தாலும் பிரேக் நான்கு சக்கரங்களிலும்தான் பிடிக்கிறது. நாற்சக்கர இயக்கம் வண்டியைக் கிளப்பவும் ஏற்றவும் உதவுமே தவிர நிறுத்த உதவாது.

"கார் லேசாக இருக்கிறது, பனியில் அலைந்துவிடும்" என்று பலர் சொல்வார்கள். இது பாதி உண்மைகூட இல்லை. உராய்வு விசை எடைக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், கனமான வண்டிக்கு அதிகப் பிடிமானம் கிடைக்கிறது என்றாலும், அந்தப் பிடிமானம் நிறுத்த வேண்டிய எடையும் அதே அளவு அதிகம். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. 750 கிலோ காரும் இரண்டு டன் வண்டியும் ஒரே தரமுள்ள டயரோடு ஒரே பனிக்கட்டியில் ஏறக்குறைய ஒரே தூரத்தில்தான் நிற்கும். மலைச்சாலையில் லேசான வண்டிக்குச் சில நன்மைகளே உண்டு. ஒன்றரை மீட்டர் அகலமுள்ள கார், எதிரே லாரி வரும்போது பள்ளத்தாக்கு ஓரத்தில் நொறுங்கும் மண் விளிம்பைத் தொடாமல் ஒதுங்கிவிடலாம். சக்கரம் புதைந்தால் நான்கு பேர் இறங்கித் தள்ளி எடுத்துவிடலாம். இரண்டு டன் வண்டியை அப்படித் தள்ள முடியாது. அதை இழுக்க இன்னொரு வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

சிறிய காரின் ஒல்லியான டயரும் ஒரு நன்மைதான். ஆல்டோ வகைக் கார்களில் 145 மி.மீ. அகல டயர் வருகிறது. புதிதாக விழுந்த, இன்னும் இறுகாத பனி சில சென்டிமீட்டர் ஆழம் இருக்கும்போது, அகலமான டயர் அதன்மேல் ஏறி மிதக்கப் பார்க்கும். ஒல்லியான டயரோ அதை வெட்டிக்கொண்டு கீழே உள்ள கெட்டியான தரையைத் தொடும். பனிநாடுகளில் குளிர்காலத்துக்கென்று டயர் மாற்றும்போது, காருக்கு அனுமதிக்கப்பட்ட அளவுகளில் ஒல்லியானதைத் தேர்ந்தெடுப்பது நெடுநாள் வழக்கம். ஆனால் இந்த நன்மை புதுப்பனிக்கு மட்டுமே உரியது. பனி இறுகிப்போன பிறகு டயரின் அகலத்தைவிட அது எந்த ரப்பரால் செய்யப்பட்டது, அதன் மேல்பரப்பில் எத்தனை மி.மீ. உயரத்துக்குப் பட்டன் என்னும் ரப்பர் மேடுகள் மீதமிருக்கின்றன என்பவைதான் முக்கியம்.

நம் நாட்டில் கார்களோடு வரும் டயர்கள் வெப்பத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை. வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது அந்த ரப்பர் விறைத்துப்போய்ச் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களோடு ஒட்டாமல் போகிறது. குளிர்கால டயர் அந்தக் குளிரிலும் மென்மையாக இருக்கும் கலவையால் ஆனது. அதன் ஒவ்வொரு பட்டனிலும் கத்தியால் கீறியதுபோல நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். அவற்றில் பனி சிக்கிக்கொள்ளும், பனியோடு பனி உராயும்போது கிடைக்கும் பிடிமானம் ரப்பரோடு உராயும்போது கிடைப்பதைவிட அதிகம் என்பதுதான் அதன் நுட்பம். மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்த முத்திரை பக்கச்சுவரில் இருந்தால் அந்த டயர் பனியில் சோதிக்கப்பட்டது என்று பொருள். வெறும் எம்+எஸ் (சேறு, பனி) என்ற எழுத்துகள் பட்டனின் அமைப்பை மட்டுமே குறிக்கின்றன. அவற்றை நம்பிப் பனியில் இறங்க வேண்டாம். உங்கள் காரின் அளவில் குளிர்கால டயர் இங்கே கிடைப்பது கடினம் என்பதால், குறைந்தபட்சம் புதிய டயர்களோடு போங்கள். சட்டப்படி 1.6 மி.மீ. பட்டன் இருந்தால் போதும். பனியிலும் சேற்றிலும் 4 மி.மீ.க்குக் கீழே போன டயரை மொட்டை டயராகவே கருத வேண்டும்.

இப்போது ஏற்றத்துக்கு வருவோம். முன்சக்கர இயக்கமுள்ள காலிக் காரில் மொத்த எடையில் சுமார் 60 சதவீதம் முன்சக்கரங்களின்மேல் இருக்கிறது. எஞ்சினே இழுக்கும் சக்கரங்களின்மேல் உட்கார்ந்திருப்பதால் சமதளப் பனியில் இந்த அமைப்பு நன்றாகவே வேலைசெய்யும். ஆனால் ஏற்றத்தில் எடை பின்பக்கம் சாய்கிறது. பின்னிருக்கையில் இருவர், டிக்கி நிறையப் பைகள், மேலே பொருள்தாங்கி என்று சேர்த்தால் முன்சக்கரங்களின் பங்கு பாதியாகக் குறைந்துவிடும். உராய்வுக் குணகம் 0.2 உள்ள பனியில் அப்படிப்பட்ட கார் கொள்கையளவில் ஏறக்கூடிய சரிவு 10 சதவீதத்துக்கும் குறைவு. பனி சக்கரத்துக்குக் கொடுக்கும் எதிர்ப்பையும் கழித்தால் 7, 8 சதவீதம்தான் மிஞ்சும். மலைச்சாலையின் சராசரிச் சரிவு இதைவிடக் குறைவுதான் என்றாலும், கொண்டை ஊசி வளைவின் உள்பக்கம் சராசரியைப்போல இரண்டு மடங்கு செங்குத்தாக இருக்கும். சிறிய கார்கள் சுழன்று நின்றுபோவதைப் பெரும்பாலும் அங்கேதான் பார்க்கலாம். அப்படிப்பட்ட வளைவில் எதிரே வண்டி வரவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, வெளிவட்டமாக, சீரான மெதுவான வேகத்தில், வளைவின் நடுவில் கியர் மாற்றாமல் ஏற வேண்டும். கனமான பைகளை டிக்கியில் வைக்காமல் முன்னிருக்கைக்குப் பின்னால் காலடியில் வைப்பதுகூட வித்தியாசம் தரும். பின்னிருக்கையில் இருப்பவர்கள் செங்குத்தான அந்த ஐம்பது மீட்டரை நடந்து ஏறுவது அதைவிடப் பெரிய வித்தியாசம் தரும்.

பனியில் வண்டியைக் கிளப்பும்போது முதல் கியரில் சக்கரம் சுழன்றால் இரண்டாவது கியரில் மிக மெதுவாகக் கிளட்சை விடுங்கள். சுழலும் சக்கரம் தனக்குக் கீழே உள்ள பனியை உருக்கிப் பளபளப்பாக்குகிறது. ஐந்து விநாடி ஆக்ஸிலரேட்டரை அழுத்தி வைத்திருந்தால், முன்பு கிளம்பியிருக்கக்கூடிய இடத்திலிருந்தும் கிளம்ப முடியாமல் போகும். அதற்குப் பதிலாகச் சக்கரத்துக்கு முன்னே மண்ணையோ பொடிக்கல்லையோ தூவுங்கள். கால்மிதியை விரிப்பது பலர் சொல்லும் வழி; அது பெரும்பாலும் பின்னால் பறந்து விழுவதுதான் நடக்கும், அதனால் பின்னால் யாரும் நிற்கக் கூடாது.

இறக்கத்தைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். காசா பக்கம் கணவாய்க்கு முன் உள்ள லோசர் என்ற ஊரிலிருந்து குன்சுமுக்கு ஏறுவது ஓரளவு சாய்வான ஏற்றம். உச்சி 4,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கிருந்து பாத்தல் பக்கம் அடுக்கடுக்கான கொண்டை ஊசி வளைவுகளாக, சுமார் 12 கி.மீ. தூரத்தில் ஏறத்தாழ 600 மீட்டர் இறங்க வேண்டும். சராசரியாக 5 சதவீதச் சரிவு. பனிக்கட்டியில் 0.1 என்ற குணகம் சமதளத்தில் கொடுக்கும் நிறுத்தும் திறனில் பாதியை இந்தச் சரிவே தின்றுவிடும். ஆகவே மணிக்கு 20 கி.மீ. வேகத்தில், அதாவது சைக்கிள் வேகத்தில், உறைந்த சாலையில் இறங்கிக்கொண்டிருக்கும்போது பிரேக் பிடித்தால் நிற்க 31 மீட்டர் ஆகும். 30 கி.மீ. வேகத்தில் 70 மீட்டர் ஆகும். வளைவுக்கு வளைவு இருக்கும் தூரமே பல இடங்களில் அவ்வளவு இராது. சரிவு 10 சதவீதமாக இருக்கும் துண்டில் பிரேக் பிடித்தும் வண்டி வேகம் குறையாமல் சறுக்கிக்கொண்டே போகும். ஏறும்போது பிடிமானம் போதவில்லை என்றால் வண்டி நின்றுவிடும்; இறங்கும்போது போதவில்லை என்றால் நிற்காது. அதனால்தான் நீங்கள் திட்டமிட்டிருக்கும் திசை, காசாவிலிருந்து மணாலிக்குப் போகும் திசை, பனிநாளில் இரண்டில் மோசமானது.

இறங்குவதற்குச் சரியான முறை, இறக்கம் தொடங்கும் முன்பே முதல் கியரையோ இரண்டாவது கியரையோ போட்டுக்கொண்டு, எஞ்சினின் இழுப்பிலேயே வண்டியை இறங்கவிட்டு, பிரேக்கை இடையிடையே மென்மையாகத் தொடுவது. ஒரு எச்சரிக்கை: வழுக்கும் இடத்தில் திடீரென்று கீழ்க் கியருக்கு மாற்றிக் கிளட்சைச் சட்டென்று விட்டால், எஞ்சின் முன்சக்கரங்களைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும், அந்தக் கணத்தில் ஸ்டியரிங் செத்துவிடும். அப்போது கிளட்சை மிதித்துச் சக்கரங்களைச் சுதந்திரமாக உருளவிட்டால் திசை திரும்பக் கிடைக்கும். கைப்பிரேக்கை இழுக்கவே கூடாது; அது பின்சக்கரங்களை மட்டும் பூட்டி வண்டியைக் குறுக்கே திருப்பிவிடும்.

முன்சக்கர இயக்கமுள்ள சிறிய கார் பனி வளைவில் செய்யும் முதல் தவறு, ஸ்டியரிங்கைத் திருப்பியும் திரும்பாமல் நேரே போவது. பயத்தில் இன்னும் அதிகமாகத் திருப்புவார்கள். திருப்பும் கோணம் அதிகரிக்க அதிகரிக்கப் பிடிமானம் குறைகிறதே தவிர கூடுவதில்லை. ஸ்டியரிங்கைச் சற்றே நேராக்கி, ஆக்ஸிலரேட்டரை மெதுவாக விட்டால், டயர் மறுபடியும் தரையைப் பிடிக்கும். இரண்டாவது தவறு இதற்கு எதிரானது: இறக்க வளைவில் வேகமாக வந்துவிட்டு ஆக்ஸிலரேட்டரைத் திடீரென்று விட்டுவிட, எடை முன்னால் பாய்ந்து பின்பக்கம் இலகுவாகி வெளியே வழுக்கும். சக்கர இடைவெளி குறைந்த காரில் இது மிக விரைவாக நடக்கும். நீளமான காரில் உணர்ந்து திருத்தக் கிடைக்கும் அவகாசம் இதில் கிடைக்காது. பின்பக்கம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும், பிரேக்கைத் தொடக் கூடாது.

பிரேக் பிடிக்கும்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பைப் பற்றி ஒரு செய்தி தெரிந்திருக்க வேண்டும். 2019 ஏப்ரலிலிருந்து இங்கே விற்கப்படும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. வழுக்கும் சாலையில் பிரேக் பிடித்துக்கொண்டே திசை திருப்ப முடிகிறது என்பது பெரிய பாதுகாப்பு. ஆனால் புதுப்பனியிலும் தளர்ந்த ஜல்லியிலும் அது நிற்கும் தூரத்தைக் கூட்டும். பூட்டிக்கொண்ட சக்கரம் தனக்கு முன்னால் பனியையோ ஜல்லியையோ குவித்து, அந்தக் குவியலே தடையாக நின்று வண்டியை நிறுத்தும். ஏபிஎஸ் சக்கரத்தை உருளவிடுவதால் அந்தக் குவியல் உருவாவதில்லை. பெடல் காலடியில் அதிர்ந்து வண்டி நிற்காமல் போவதுபோல் தோன்றும்போது பிரேக் பழுதாகிவிட்டது என்று எண்ணிக் காலை எடுத்துவிடாதீர்கள்.

கின்னோர் பக்கத்தைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை உண்டு. சிம்லாவைத் தாண்டி குஃப்ரி, ஃபாகு, நார்கண்டா என்று போகும் நல்ல தார்ச்சாலையைப் பார்த்து அங்கே ஆபத்தில்லை என்று நினைத்துவிடுவார்கள். குளிர்காலத்தில் அங்கே பகலில் உருகிச் சாலையில் வழிந்த நீர் இரவில் தாரின் நிறத்திலேயே மெல்லிய படலமாக உறைந்துகிடக்கும். ஈரம் என்று நினைத்துக் கடந்துபோகும் கார்கள் வழுக்குவது அங்கேதான். அக்டோபர் கடைசியில் நார்கண்டாவில் இது அரிது. ஆனால் ஸ்பிட்டியில், குறுக்கே நீரோடும் இடங்களிலும் வெயில் படாத வடக்குச் சரிவுகளிலும், காலை ஒன்பது மணிக்கு முன் இதை எதிர்பார்க்கத்தான் வேண்டும். ஸ்டியரிங் திடீரென்று இலகுவாகி, டயரின் இரைச்சல் அடங்கிப்போனால் நீங்கள் பனிக்கட்டியின்மேல் இருக்கிறீர்கள் என்று பொருள். அப்போது எதையும் செய்யாமல், திருப்பாமல், மிதிக்காமல், அந்தப் பத்து மீட்டரைக் கடந்துவிடுவதே நல்லது.

சக்கரத்தில் கட்டும் சங்கிலி வாங்குவதாக இருந்தால் முன்சக்கரங்களுக்கு வாங்குங்கள், வீட்டு வாசலிலேயே ஒருமுறை மாட்டிப் பழகுங்கள், மணிக்கு 30 கி.மீ.க்கு மேல் போகாதீர்கள், தார் தெரிந்தவுடன் கழற்றிவிடுங்கள். சிறிய கார்களில் டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே இருக்கும் சந்து குறுகியது. தடித்த சங்கிலி உள்ளே உரசி பிரேக் குழாயை அறுத்துவிடக்கூடும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்னால் மட்டும் சங்கிலி இருக்கும்போது இறக்கத்தில் பின்பக்கம் முன்பைவிட எளிதாக வழுக்கும். சங்கிலி ஏற்றத்துக்குக் கொடுக்கும் நம்பிக்கையை இறக்கத்துக்கும் எடுத்துச்செல்லக் கூடாது.

இனி மண்சாலை. உங்கள் பயணத்தில் பனியைச் சந்திப்பீர்களோ இல்லையோ, இதைக் கட்டாயம் சந்திப்பீர்கள். லோசரிலிருந்து குன்சும், பாத்தல், சத்ரு வழியாக, மணாலிச் சாலையைச் சந்திக்கும் கிராம்ஃபூ வரை சுமார் 80 கி.மீ. நெடுஞ்சாலை என்று பெயர் இருந்தாலும், நெடுங்காலமாக அது ஆற்றுக் கற்களும் ஓடைகளும் கலந்த தடம்தான். ஆல்டோ வகைக் காரின் தரை இடைவெளி சுமார் 160 மி.மீ.; நான்கு பேரும் பைகளும் ஏறியபின் அதில் மூன்று, நான்கு சென்டிமீட்டர் குறைந்துவிடும். கையகலக் கல் ஒன்று எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்ப்பைத் தட்ட அது போதும். சம்ப் கிழிந்து ஆயில் முழுதும் வழிந்துவிட்டால் அந்த இடத்தில் பயணம் முடிந்தது. புறப்படும் முன் எஞ்சினுக்கு அடியில் இரும்புத் தகடு ஒன்றைப் பொருத்திக்கொள்வதே இந்தப் பயணத்துக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள செலவு என்பது என் உறுதியான கருத்து.

பெரிய கல்லை இரண்டு சக்கரங்களுக்கு நடுவே விட்டுப் போக வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. சிறிய காரில் அதுதான் தவறு. நடுவே விட்டால் தரைக்கும் சம்ப்புக்கும் இடையே கல்லுக்கு இருப்பது 12 சென்டிமீட்டர்தான். சக்கரத்தை அதன்மேலேயே மெதுவாக ஏற்றினால் காரே உயர்ந்துவிடுகிறது. இரண்டு தடங்களுக்கு நடுவே மேடு எழும்பியிருக்கும் இடத்தில் ஒரு பக்கச் சக்கரத்தை அந்த மேட்டின்மேல் வைத்து ஓட்டுங்கள். இங்கே சிறிய காருக்கு ஒரு நன்மை உண்டு: முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி குறைவு, சக்கர இடைவெளியும் குறைவு என்பதால், நீளமான செடான் கார் வயிறு தட்டும் மேட்டை அது தட்டாமல் தாண்டிவிடும். தீமையும் உண்டு: சக்கரம் சிறியது. 13 அங்குல ரிம்மில் 145/80 டயரின் மொத்த விட்டம் 57 சென்டிமீட்டருக்கும் குறைவு. பெரிய சக்கரம் உருண்டு கடக்கும் பள்ளத்தில் இது விழுந்து எழும். ஆகவே ஒரே பள்ளத்தில் ஜீப்பின் பாதி வேகம்தான் உங்களுக்கு.

ஜல்லிச் சாலையில் குறுக்குவாட்டில் வரிவரியாக அலைமேடுகள் எழுந்திருப்பதைப் பார்ப்பீர்கள். உருளும் சக்கரம் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போனாலே தளர்ந்த மண்ணில் அந்த அலைகள் தாமாக எழுகின்றன. வண்டிகள் ஓட ஓட அவை வளர்கின்றன. வேகமாகப் போனால் அலைகளின் உச்சியை மட்டும் தொட்டுக்கொண்டு அதிர்வில்லாமல் போகலாம் என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். உண்மைதான், அதிர்வு குறையும்; ஆனால் டயர் பாதி நேரம் காற்றில் இருப்பதால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் பாதிதான் வேலைசெய்யும். ஒரு பக்கம் பாறைச்சுவரும் மறுபக்கம் சந்திரா நதியும் இருக்கும் சாலையில் அந்த அறிவுரையைக் கேட்காதீர்கள். மணிக்கு 15, 20 கி.மீ. என்று பொறுமையாகப் போங்கள். அந்த 80 கி.மீ.க்கு ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள்.

டயரில் காற்றைச் சற்றுக் குறைப்பது ஜல்லியில் பிடிமானத்தையும் சுகத்தையும் கூட்டும். 80 சதவீத உயரமுள்ள 145 டயரின் பக்கச்சுவர் 11 சென்டிமீட்டருக்கு மேல் இருப்பதால், 30 பிஎஸ்ஐ வைத்திருப்பவர்கள் 26 வரை இறக்கலாம். முழுப்பாரத்தோடு அதற்குக் கீழே போனால் கூரிய கல்லில் டயர் ரிம்மோடு நசுங்கி வெடித்துவிடும். உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அளவுமானியில் ஐந்தாறு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். குளிரில் உள்காற்று சுருங்குவதால் அதே அளவு குறையும். இரண்டும் சேர்ந்து என்ன எண் வருகிறது என்று காசாவில் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன் பாருங்கள். கையால் அடிக்கும் பம்ப்பும், நல்ல நிலையில் உள்ள ஸ்டெப்னியும், முடிந்தால் இன்னொரு டயரும் இருக்கட்டும்.

சிறிய கார்கள் இந்தச் சாலையில் உண்மையில் தோற்பது கல்லிடமோ பனியிடமோ அல்ல, கிளட்சிடம். கடல்மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் 57 சதவீதம்தான் 4,500 மீட்டரில் இருக்கிறது. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் தான் உள்ளிழுக்கும் காற்றுக்கு ஏற்றபடிதான் ஆற்றலைத் தரும். ஆகவே கீழே 67 குதிரைத்திறன் தரும் ஒரு லிட்டர் எஞ்சின் குன்சுமில் 40 அளவுக்குத்தான் தரும். அதை வைத்துக்கொண்டு காரும் நான்கு பேரும் பைகளுமாக ஒரு டன்னுக்கு மேல் எடையை முதல் கியரில் ஏற்ற வேண்டும். எஞ்சின் அணையப் பார்க்கும். ஓட்டுநர் ஹாஃப் கிளட்சில் வைத்து ஆக்ஸிலரேட்டரை அழுத்துவார். கருகல் வாசனை வரும். மூன்று, நான்கு முறை அப்படிச் செய்தால் கிளட்ச் தட்டு தேய்ந்து, எஞ்சின் இரைந்தும் வண்டி நகராது. இதைத் தவிர்க்க, ஏற்றத்தின் நடுவே நிற்காமல் பார்த்துக்கொள்வதும், முன்னால் போகும் லாரி வளைவைத் தாண்டும்வரை சமமான இடத்தில் காத்திருப்பதும், கிளட்சை முழுதாக விட்டபின் மட்டும் ஆக்ஸிலரேட்டரை அழுத்துவதும்தான் வழி. வாசனை வந்துவிட்டால் அரை மணிநேரம் நிறுத்தி ஆறவிடுங்கள். ஏற்கெனவே பாதி தேய்ந்த கிளட்ச் என்றால் புறப்படும் முன்பே மாற்றிவிடுங்கள். நான்கு பேருக்குப் பதிலாக இருவர் மட்டும் போக முடிந்தால், பிடிமானம், தரை இடைவெளி, கிளட்ச் என்று இதுவரை சொன்ன எல்லாக் குறைகளும் ஒரே வீச்சில் குறையும்.

ஒரு சிறு குறிப்பு: ஜப்பானில் இதே ஆல்டோ என்ற பெயரில் விற்கும் சிறிய காரை நாற்சக்கர இயக்கத்தோடு வாங்க முடியும், பனி மிகுந்த வட்டாரங்களில் அதற்குத் தேவை இருக்கிறது. இத்தாலியின் ஃபியட் நிறுவனமும் 1983-லேயே பாண்டா என்ற தன் சின்னஞ்சிறு காருக்கு நாற்சக்கர இயக்கம் பொருத்தியது, 965 சி.சி. எஞ்சின்தான், ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களில் அது நெடுங்காலம் ஓடியது. சிறிய கார் என்பதே பனிக்கு ஒவ்வாத ஒன்று என்ற எண்ணத்துக்கு இவை போதிய மறுப்பு. இந்திய ஆல்டோவுக்குக் குறை உருவத்தில் இல்லை. அதற்குக் கிடைக்காத டயரிலும் இயக்கத்திலும் இருக்கிறது.

ஓடைகளைக் காலையில் கடந்துவிடுங்கள். இரவில் மேலே எல்லாம் உறைந்திருப்பதால் காலையில் நீர் குறைவு. வெயில் ஏற ஏறப் பனி உருகி, பிற்பகலில் அதே ஓடை இரண்டு மடங்காகப் பெருகும். யாராவது ஒருவர் முதலில் நடந்து ஆழம் பார்க்கட்டும், அல்லது வேறொரு வண்டி கடப்பதைக் கவனியுங்கள். நீர் சக்கரத்தின் நடுவச்சைத் தாண்டும் என்றால் சிறிய காரை இறக்காதீர்கள். முதல் கியரில், சீரான வேகத்தில், நடுவில் நிற்காமல் கடந்துவிட்டு, மறுகரையில் பிரேக்கை இருமுறை மிதித்து உலர்த்துங்கள்.

இரவு நிறுத்தும்போது கைப்பிரேக் போடாமல் கியரில் வைத்துச் சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுங்கள். ஈரமான கைப்பிரேக் உறைந்து பிடித்துக்கொண்டால் காலையில் விடாது. ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் அது உறைந்து எஞ்சினையே பிளந்துவிடும்; கூலண்டும் நீரும் சரிபாதியாக இருந்தால் மைனஸ் 35 டிகிரி வரைகூடக் கவலையில்லை. எங்காவது பனியில் சிக்கிக் காருக்குள் இருக்க நேர்ந்தால், ஹீட்டருக்காக எஞ்சினை ஓட்டும் முன் புகைக்குழாயின் வாயைப் பனி மூடவில்லை என்று இறங்கிப் பாருங்கள். மூடியிருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனை கிடையாது, தூங்கியபடியே உயிர் போய்விடும். எஞ்சினைத் தொடர்ந்து ஓட்டாமல் பத்து நிமிடம் ஓட்டி அணைத்து, ஒரு ஜன்னலை விரலளவு திறந்தே வைத்திருங்கள்.

உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். மணாலிக்கும் அதன் வடக்கே உள்ள லாஹௌல் பள்ளத்தாக்குக்கும் இடையே 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்ட 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை இருப்பதால், கிராம்ஃபூவை அடைந்துவிட்டால் ரோத்தாங் கணவாயில் ஏற வேண்டிய தேவையில்லை. சுரங்கம் வழியாக மணாலிக்கு வந்துவிடலாம். பனி பெய்யும் நாளில் மட்டும் சுரங்கத்தின் இரு பக்கமும் நாற்சக்கர இயக்க வண்டிகளைத் தவிர மற்றவற்றைக் காவல்துறை நிறுத்திவிடுவது வழக்கம். அதை எதிர்த்து வாதாட வேண்டாம். குன்சும் பொதுவாக நவம்பர் வாக்கில் மூடப்பட்டு அடுத்த கோடையில்தான் திறக்கிறது. அக்டோபர் கடைசி வாரம் அந்த எல்லைக்கு மிக அருகில் இருக்கிறது. செப்டம்பர் இறுதிக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள்: மழை ஓய்ந்திருக்கும், ஓடைகளில் நீர் குறைந்திருக்கும், பனி பெரும்பாலும் வந்திராது.

மாற்ற முடியாதென்றால், கின்னோர் வழியாகவே ஏறுங்கள். உயரம் படிப்படியாகக் கூடுவது உடம்புக்கும் நல்லது. காசாவில் தங்கி, அதிகாலை லோசருக்கு வந்து, அன்று காலை பாத்தலிலிருந்து வந்த ஓட்டுநர் யாரையாவது பார்த்து மேலே சாலை உலர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். டாக்ஸி ஓட்டுநர் "போகலாம்" என்று சொன்னால் அவர் எந்த வண்டியில் எந்த டயரோடு வந்தார் என்பதையும் பாருங்கள். சாலையில் வெள்ளை இருக்கிறது என்றாலோ, எதிர்த்திசையிலிருந்து ஒரு வண்டியும் வரவில்லை என்றாலோ, அங்கேயே திரும்பிக் காசாவுக்கு வந்து, வந்த வழியே சிம்லாவுக்கு இறங்குங்கள். காசாவிலிருந்து சிம்லா சுமார் 420 கி.மீ., மலைச்சாலையில் இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளையும் சேர்த்தே விடுப்புக்கு எழுதிக்கொடுங்கள். மணாலியில் அறைக்கு முன்பணம் கட்டாதீர்கள்.